திரையின் வலது கீழ் மூலை

துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகள் பெரும்பாலானவற்றில் தோட்டா துப்பாக்கியிலிருந்து புறப்படுவதில்லை. ஆட்டக்காரரின் கண் இருப்பதாகக் கணினி எண்ணிக்கொள்ளும் இடத்திலிருந்து கிளம்பி, திரையின் நட்டநடுவை நோக்கிப் போகிறது. வலது கீழ் மூலையில் தெரியும் துப்பாக்கியும் அதைப் பற்றியிருக்கும் இரண்டு கைகளும் நாம் நம்புவதற்காக வைக்கப்பட்டவை. குழல் முனையில் பளிச்சிடும் நெருப்புக்கும் எதிராளியைத் துளைக்கும் தோட்டாவுக்கும் உறவே இல்லை. அந்தத் துப்பாக்கியை எங்கே, எந்தச் சாய்வில், கண்ணுக்கு எவ்வளவு அருகில் வைப்பது என்று இரவெல்லாம் உட்கார்ந்து இழைப்பவர்கள் இருக்கிறார்கள். வெளிவந்துவிட்ட விளையாட்டைப் பிரித்து மாற்றிக் கட்டும் மோடர்கள் அவர்கள். சம்பளம் கிடையாது. வேறு வேலையாகப் பிராக் நகருக்குப் போயிருந்தபோது, அப்படி இருவரின் மேசையருகே உட்கார்ந்து பார்க்க வாய்த்தது.

வீடு ஜிஷ்கோவ் பகுதியில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் மேல்மாடியில். இருவரில் ஒருவர் கீவ் நகரத்துக்காரர். உக்ரைன் போருக்கு முன்பே படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். பகலில் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் சோதிப்பவர். உடன் வேலை செய்யும் பெண் செக் நாட்டவர், விளம்பரப் படங்களுக்கு அனிமேஷன் செய்து பிழைப்பவர். இரண்டு மேசைகள், மூன்று திரைகள், சுவரோரம் ஒரு சோபா. அந்த சோபாவும் ஒரு வேலைக்கருவி என்பது பிறகுதான் தெரிந்தது.

அவர்கள் கை வைத்திருந்த விளையாட்டு ஸ்டாக்கர் வரிசையைச் சேர்ந்தது. கீவைச் சேர்ந்த ஜிஎஸ்சி கேம் வேர்ல்ட் 2007இல் முதல் பகுதியை வெளியிட்டது. செர்னோபில் அணுஉலையைச் சுற்றியுள்ள கைவிடப்பட்ட நிலம்தான் களம். மூன்றாவது பகுதியான ‘கால் ஆஃப் பிரிபியாட்’ 2009இல் வந்தது. 2022க்குப் பின் அந்த நிறுவனத்தின் ஒரு பகுதி பிராக் நகருக்கே இடம்பெயர்ந்து, 2024 நவம்பரில் புதிய பாகத்தை முடித்துத் தந்தது. இவர்களுக்கு அதோடு தொடர்பில்லை. இவர்கள் இன்னும் பழையதைத்தான் நோண்டிக்கொண்டிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். “பழையதில் எல்லாம் வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறக்கலாம்” என்றார்.

திறந்து காட்டினார். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு பத்தி. ஒரு வரியில் மூன்று எண்கள்: வலம் இடம், மேல் கீழ், முன் பின். அடுத்த வரியில் இன்னும் மூன்று, துப்பாக்கி எந்த அச்சில் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதற்கு. இந்த ஆறும் சும்மா ஏந்தி நடக்கும் நிலைக்கு. கண்ணருகே உயர்த்திக் குறிபார்க்கும்போது வேறு ஆறு. குழலுக்கு அடியில் கையெறி குண்டு ஏவி மாட்டியிருந்தால் அதைக் குறிபார்க்க மேலும் ஆறு. பழைய சதுரத் திரைக்கு ஒரு தொகுதி, அகலத்திரைக்கு இன்னொரு தொகுதி என்று எல்லாமே இரட்டிப்பு. ஒரே துப்பாக்கிக்கு முப்பத்தாறு எண்கள் ஆகிவிட்டன; நெருப்பு எங்கே எரிய வேண்டும், வெற்றுக் கூடு எங்கிருந்து தெறிக்க வேண்டும் என்பன தனிக் கணக்கு. எண்கள் பெரும்பாலும் பூஜ்யத்தில் தொடங்கி மூன்றாம் தசமம் வரை போகின்றன. அந்த மூன்றாம் தசமத்தில்தான் இவர்களின் இரவுகள் கழிகின்றன.

அன்று மேசையில் இருந்தது ஏகே-74 துப்பாக்கியின் புதிய வடிவம். பழைய மாதிரியை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டியதும் அது திரையில் தோன்றிய விதத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். பாதி துப்பாக்கி ஆட்டக்காரரின் கன்னத்துக்குள் புகுந்திருந்தது. கைகள் பிடியை விட்டுத் தள்ளி, காற்றைப் பிடித்தபடி நின்றன. அவர் சிரிக்கவில்லை. கட்டளைப் பெட்டியைத் திறந்து விளையாட்டு எஞ்சினுக்குள்ளேயே இருக்கும் ஒரு சரிசெய் முறையை இயக்கினார். ஒன்று என்று கொடுத்தால் கைகளின் இடம், இரண்டு என்றால் திருப்பம், மூன்றும் நான்கும் கைக்குள் துப்பாக்கி அமரும் விதம், ஐந்து நெருப்பின் புள்ளி என்று போகிறது. விசையை அழுத்த அழுத்தத் துப்பாக்கி மயிரிழை மயிரிழையாக நகர்கிறது. எண்கள் திரையோரம் மாறுகின்றன. பிடித்த இடம் வந்ததும் அவற்றைக் கோப்புக்குள் எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்த நேரத்தில் அவள் எழுந்து போய் சோபாவில் உட்கார்ந்தாள். கல்யாணப் படத்தைச் சுவரில் மாட்டும்போது ஒருவர் ஸ்டூலில் நிற்க மற்றவர் தள்ளி நின்று “இன்னும் கொஞ்சம் இடது” என்று சொல்வாரே, அதேதான். மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குத் துப்பாக்கி மட்டும்தான் தெரிகிறது. சோபாவிலிருப்பவருக்கு முழுத் திரையும் தெரிகிறது: துப்பாக்கி எதை மறைக்கிறது, கதவோரம் நிற்பவன் தெரிகிறானா, பார்வை எங்கே இழுபடுகிறது. அவள் வாயிலிருந்து வந்ததெல்லாம் “கனம் இல்லை”, “இப்போது கனமாக இருக்கிறது” என்பதுதான். எடையே இல்லாத பொருளுக்கு எடை. துப்பாக்கியைச் சற்றே இறக்கி, முனையை மிகச் சிறிது உயர்த்தி, பின்கட்டையைத் திரைக்கு வெளியே தள்ளியதும் எனக்கும் அது கனமாகத்தான் தெரிந்தது.

குறிபார்க்கும் நிலைதான் உண்மையான தச்சுவேலை. திரைக் கண்ணாடியின் நட்டநடுவில் கறுப்பு டேப்பைத் துளியளவு வெட்டி ஒட்டியிருந்தார். குழல் முனையில் நிற்கும் முள், அதற்குப் பின்னால் உள்ள பிளவு, இந்த டேப் மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். இதில் ஒரு குறுக்குவழி இருக்கிறது. புதிதாக வருபவர்கள் அதில்தான் விழுவார்கள் என்றார். முள் சற்று வலப்புறம் விலகியிருந்தால் துப்பாக்கியை இடப்புறம் நகர்த்தலாம். அல்லது லேசாகத் திருப்பலாம். இரண்டிலும் முள் நடுவுக்கு வந்துவிடும். ஆனால் விலகியிருந்தது இடமா கோணமா என்று தெரியாமல் ஒன்றைக் கொண்டு மற்றதைச் சரிக்கட்டினால், முள் நடுவில் நிற்கும், பிளவு நிற்காது. குழல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். நடக்கும்போது துப்பாக்கி ஆடத் தொடங்கியதும் குட்டு வெளிப்படும். எனவே முதலில் கோணம், பிறகு இடம். அப்புறம் தொலைவில் ஒரு சுவரைத் தேடிச் சுட்டுப் பார்க்கிறார். தோட்டா எப்படியும் நடுவில்தான் போய் விழும், துப்பாக்கி எங்கே பார்த்தாலும். ஓட்டை முள்ளின் தலையில் உட்கார்ந்தால் வேலை முடிந்தது. அன்று அது ஒரு நூல் கீழே உட்கார்ந்தது. திரும்பவும் மூன்றாம் தசமம்.

இந்த ஏமாற்று வேலைக்கு நல்ல பரம்பரை உண்டு. 1993இல் வந்த டூமில் துப்பாக்கி முப்பரிமாணப் பொருளே அல்ல. பொம்மைத் துப்பாக்கிகளை வாங்கி, கலைஞர்களில் ஒருவரான கெவின் கிளவுட் கையில் பிடிக்க, படமெடுத்துத் திரையில் ஒட்டினார்கள். 320க்கு 200 புள்ளிகள் கொண்ட திரையின் நட்டநடுவில், தொப்புளிலிருந்து முளைத்ததுபோல் அது நிற்கும். ஓடினால் அரைவட்டமாக ஊசலாடும். அதற்கு உச்ச எல்லை 16 புள்ளிகள். 1996இல் வந்த குவேக்கில் துப்பாக்கி முப்பரிமாணமானது. சுவரருகே போனால் குழல் சுவருக்குள் புகும் தொல்லையும் கூடவே வந்தது. துப்பாக்கியை மட்டும் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இருப்பதாக ஆழக் கணக்கில் பொய் சொல்லித் தப்பித்தார்கள். 1999இல் அதன் மூல நிரல் வெளியானபோது இன்னொன்றும் தெரிந்தது: ஆட்டக்காரர் காட்சிச் சட்டத்தின் அளவை மாற்றும்போது துப்பாக்கி தெரியும் அளவு ஏறக்குறைய மாறாதிருக்க, அதை ஒரு அலகு, இரண்டு அலகு, அரை அலகு என்று கண்மதிப்பில் உயர்த்தும் சில வரிகள். சூத்திரம் எதுவும் இல்லை. சோபாவில் உட்கார்ந்து பார்த்து வைத்த எண்கள்தான் அவையும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்டாக்கரில் இந்தப் பொய் இன்னும் துணிச்சலானது. உலகத்தை 67.5 பாகைப் பார்வையில் காட்டுகிறது. துப்பாக்கிக்கு அதில் 0.45 பங்குதான், அதாவது சுமார் 30 பாகை. ஒரே திரையில் இரண்டு லென்ஸ்கள். குறுகிய லென்ஸில் துப்பாக்கி தடித்து, குட்டையாக, கைக்குள் அடங்கியது போல் தெரியும். சில ஆட்டக்காரர்கள் அந்தப் பங்கைக் கூட்டிக்கொள்கிறார்கள். குறிபார்க்கும் நிலைக்கு அதனால் சேதமில்லை. நடுக்கோட்டில் இருப்பது எந்த லென்ஸிலும் நடுவில்தான் இருக்கும். நாசமாவது சும்மா ஏந்தியிருக்கும் நிலை. துப்பாக்கி சிறுத்து முன்னால் ஓடிவிட, கைகள் முழங்கையோடு நின்றுபோனது வெட்டவெளிச்சமாகும். அதற்கு மேல் கையே செய்யப்படவில்லை. பின்கட்டையின் முதுகுப்பக்கமும் அப்படித்தான், வெறும் ஓட்டை. திரையில் வராத பக்கத்துக்கு யாரும் உழைப்பதில்லை. “எனக்கு வரும் புகாரில் பாதி இந்தக் கைதான்” என்றார் அவர்.

இப்போது வரும் பல மோடுகளில் துப்பாக்கியை முகத்தோடு ஒட்டிக் கொண்டுவந்துவிடுகிறார்கள். திருகாணியின் கீறல்வரை தெரிய வேண்டும் என்ற ஆசை. எனக்கு அது பிடிக்கவில்லை. புல்வெளியையும் மூடுபனியையும் பார்க்க வந்தவனுக்குத் திரையில் மூன்றிலொரு பங்கு இரும்பு எதற்கு? அவரிடம் சொன்னபோது மறுக்கவில்லை. ஆனால் முன்னோட்டப் படத்தில் துப்பாக்கி பெரிதாகத் தெரிந்தால்தான் ஆட்கள் இறக்கிக்கொள்கிறார்களாம்.

அவருடைய பள்ளித்தோழர்கள் சிலர் இப்போது கிழக்கே நிஜத் துப்பாக்கியோடு நிற்கிறார்கள். அதைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரே தொழில் விஷயமாகத்தான் சொன்னார். அவர்களில் ஒருவர் ஓய்வில் இந்த மோடை ஆடிப் பார்த்துவிட்டுத் திருத்தம் அனுப்பியிருந்தார். ஏகே வகையில் பின்பிளவு கண்ணருகே இல்லை, வெகுதூரம் முன்னால் தள்ளி இருக்கிறது. நீங்கள் வைத்திருப்பதுபோல் அவ்வளவு பெரிதாகத் தெரியவே தெரியாது. தவிர, தொலைவைப் பார்க்கும் கண்ணுக்கு அருகிலிருக்கும் இரும்பு மங்கிப் போகும் என்று. சொன்னபடியே பிளவைத் தள்ளி வைத்து மங்கலாக்கியும் பார்த்தார்கள். ஆட்டக்காரர்கள் திரை கெட்டுவிட்டது என்று எழுதினார்கள். பிளவு பழைய இடத்தை நோக்கித் திரும்பியது, தூரத்தில் பாதியை மட்டும் விட்டுக்கொடுத்து.

நான் கிளம்பும் நேரத்தில் சண்டை போல்ட்டைப் பற்றி. உண்மையான ஏகேயில் போல்ட்டும் வெற்றுக் கூடு தெறிக்கும் துளையும் வலப்புறம். திரையின் வலது மூலையில் பிடித்தால் நமக்குத் தெரிவதோ இடப்புறம். அதனால் பழைய ஸ்டாக்கரில் துப்பாக்கிகளையே இடவலம் மாற்றி, கூடு நம் கண்முன் தெறிக்கும்படி செய்திருந்தார்கள். 1999இல் ஹாஃப்-லைஃபின் மோடாகப் பிறந்த கவுன்டர்-ஸ்ட்ரைக்கிலும் இதே கதைதான். அவர் கீவ் பள்ளியில் ஏகேயைக் கழற்றி மாட்டப் பழகியவர். போல்ட் இடப்புறம் இருப்பதைப் பார்த்தாலே அவருக்குக் கை கூசுகிறது. அவள் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. ஆனால் அந்த போல்ட் பின்னால் போய் முன்னால் வரும் அசைவுக்காக வாரக்கணக்கில் உழைத்தவள். வலப்புறம் வைத்தால் அது யார் கண்ணிலும் படாது.

“அப்படியானால் நான் எதற்குச் செய்தேன்?”

“நிஜத்தில் அங்கேதான் இருக்கிறது.”

“நிஜத்தில் முழங்கைக்கு மேலும் கை இருக்கிறது.”

அவரால் பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் மேகசின் மாற்றும் நேரத்தில் மட்டும் துப்பாக்கியின் மேல்பக்கத்தை இடதுபுறமாகச் சாய்ப்பது, வலப்புறம் மேலே திரும்பும், போல்ட் தெரியும் என்று முடிவாயிற்று. உடனே சாய்த்துப் பார்த்தார்கள். போல்ட் தெரிந்தது, அதற்குக் கீழே, யாரும் பார்க்கப் போவதில்லை என்று அவள் செய்யாமல் விட்டிருந்த மேகசினின் வலப்பக்கமும் தெரிந்தது, உள்ளே ஒன்றுமில்லாமல். அவள் பிளெண்டர் மென்பொருளைத் திறந்து அந்தப் பக்கத்தை மூட ஆரம்பித்தாள். அவர் அதுவரை குண்டு ஏவிக்கான ஆறு எண்களுக்குப் போனார்.