மலை ஏறும் சீமெந்துப் பை

அட்டனிலிருந்து நோர்வூட் போகும் வழி நெடுகத் தேயிலைச் சரிவுகளில் பழைய லயன்கள் தெரிகின்றன. ஏழு பேர்ச் காணியில் தனிவீடு அங்குள்ள பெண்களின் நெடுநாள் கனவு. 2017இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஆனால் பல இடங்களில் லொறி வீதியோடு நின்றுவிடும். அதற்கு மேல் சீமெந்தும் மணலும் கல்லும் ஆள்சுமைதான். கொழுந்துக் கூடையை இறக்கிய முதுகுக்கு இது இரண்டாம் சுமை.

சுமையைக் குறைக்கும் வழியொன்றை வன்னியில் கண்டிருக்கிறோம்: அழுத்திய மண்கல். போருக்குப் பிந்திய வீட்டுத்திட்டங்கள் சிலவற்றில் இதைப் பயன்படுத்தினார்கள். மண்ணோடு 100க்கு 5 முதல் 10 பங்கு சீமெந்து கலந்து, கை இயந்திரத்தில் அமுக்குவார்கள். சூளையும் விறகும் வேண்டாம்.

மலையில் எல்லா மண்ணும் உதவாது. தேயிலை வேரோடிய கறுத்த மேல்மண் கூடாது. களி மிஞ்சினால் மணல் சேர்க்க வேண்டும். போத்தலில் மண்ணும் தண்ணீரும் விட்டுக் குலுக்கி ஒருநாள் வைத்தால், அடியில் மணலும் மேலே களியும் படிந்து அளவைக் காட்டிவிடும். அடித்த கல்லை ஈரம் காயாமல் தறப்பாளால் மூட வேண்டும். (தறப்பாளைப் பற்றி நமக்கா சொல்ல வேண்டும்!)

மண்ணுக்காகச் சரிவை வெட்டுவது ஆபத்து. 2014 ஒக்டோபர் மழையில், கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்களையே மண் மூடியது. அத்திவாரத்துக்குத் தோண்டிய மண் போதுமா என்று முதலில் பாருங்கள்.