தலை இங்கே, உடம்பு எங்கே?

சண்டை பில் வந்த பிறகுதான் ஆரம்பித்தது. 2020 தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் சாலை. ஐந்து பேருக்கு ஒரு பெரிய மீன் தலைக் கறி, வாழையிலைச் சோறு, அப்பளம், ஆளுக்கொரு லைம் ஜூஸ். ஒரத்தநாட்டு அண்ணன் பில்லை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார். பிறகு பரிமாறியவரைக் கூப்பிட்டு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: “தலைக்கு மட்டும் இவ்வளவா? சரி தம்பி. உடம்பு எங்க?”

பரிமாறியவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். கேள்வி மட்டும் எங்கள் மேசையிலேயே உட்கார்ந்துவிட்டது.

அந்த மேசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அண்ணன் துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில் இருக்கிறார். மன்னார்குடி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாட்டு ஆட்கள் வராமல் இருந்திருந்தால் சிங்கப்பூர் இன்னும் கடலுக்குள்தான் கிடக்கும் என்பது அவர் கட்சி. அவரோடு அதே பட்டறையில் வெல்டராக இருக்கும் டாக்காக்காரரை நாங்கள் ‘பாய்’ என்போம். என்னோடு வீவக அடுக்குமாடி வீட்டில் பக்கத்து அறையில் குடியிருப்பவர் கொல்லத்துச் சேட்டன், மருத்துவமனையில் தாதி. ஐந்தாவது ஆள் என் அலுவலகத்துச் சீன அங்கிள், ஹொக்கியன்காரர், ஓய்வுபெறும் வயது. எங்கள் எல்லோரையும் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார், அண்ணனையும் சேர்த்து. அண்ணன் மட்டும் இதற்கு ஒவ்வொரு முறையும் முறைப்பார்.

எங்களுக்குள் முழுசாகப் பொதுவான மொழி எதுவும் கிடையாது. கொஞ்சம் தமிழ், கொஞ்சம் மலாய், மிச்சம் சிங்கப்பூர் ஆங்கிலம். சண்டை போட இது தாராளமாகப் போதும்.

இந்தக் கறி எந்த ஊர்ச் சரக்கு என்று யாரோ கேட்டுவிட்டார்கள். சேட்டன் கை கழுவாமலே எழுந்து நின்றார். குட்டநாட்டுக் கள்ளு ஷாப்பில் குடம்புளி போட்டு வைக்கும் தலைக்கறியின் பேரன்தான் இது என்றார். (சொன்ன இடம் அப்படி. லிட்டில் இந்தியா 2015 முதல் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரம். வார இறுதியில் வெளியிடத்தில் பாட்டிலைத் திறக்க முடியாது. கள்ளைப் பற்றிப் பேசத் தடை இல்லை.) பாய் விடவில்லை. ரோகு மீன் தலையை அரிசியோடு சேர்த்துச் செய்யும் முரிகண்டோ இல்லாமல் வங்காளத்தில் ஒரு கல்யாண விருந்தா? அவர்கள் வீட்டில் பெரிய தலை மாப்பிள்ளை தட்டுக்குத்தான் போகும். அங்கிள், தியோச்சியூ மீன் தலை சூப்பை எடுத்து நீட்டினார். “தலையத் திங்கிறதுக்கு ஊர் ஊரா வாத்தியார் வேணுமா? குழம்புல கிடந்தா திங்கிறதுதான்” என்றார் அண்ணன். நான் கடலூர்க்காரன், துறைமுகத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். நானும் ஏதோ சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

கடைசியில் பந்தயம் கட்டினோம். தோற்கிற ஊர்க்காரர் தலையில் அடுத்த பில். நூலக அட்டை வைத்திருப்பவன் நான் என்பதால் தேடும் வேலை என் தலையில்.

முதலில் அண்ணனின் கேள்வியை முடித்துவிடலாம் என்று தேக்கா ஈரச்சந்தைக்குப் போனேன். பழைய சந்தை 1915இல் எதிர்ப்பக்கம் இருந்தது. 1982இல் இப்போதைய கட்டடத்துக்கு வந்தபோது ஜூஜியாவ் நிலையம் என்று பெயர் வைத்துப் பார்த்தார்கள். மக்கள் வாயில் தேக்கா போகவில்லை, 2000இல் அரசாங்கமே பலகையை மாற்றியது. அங்கே மீன் விற்கும் சீனர்கள் சிலர் நம்மூர்ச் சந்தை ஆட்களைவிட வேகமாகத் தமிழ் பேசுவார்கள். “தலையா? பெருசா, சின்னதா?” என்று எடுத்த எடுப்பில் கேட்டார் ஒருவர். இக்கான் மேரா, நம் செப்பிலி வகையறா. தலை மட்டும் தனிக் குவியலாகப் பனிக்கட்டி மேல் வாய் பிளந்து கிடந்தது.

ஒரு தலையை எடுத்துச் செவுள் மூடியைப் பெருவிரலால் தூக்கிச் சிவப்பைக் காட்டினார். பிறகு கத்தியை எங்கே வைப்பார்கள் என்று விரலால் கோடு போட்டுக் காட்டினார். ஊரில் கத்தி செவுளோடு இறங்கிவிடும். எலும்பும் கண்ணும்தான் தலை. இங்கே பக்கத் துடுப்பையும் தாண்டி இறங்குகிறது. கழுத்துச் சதை மொத்தமும் தலையோடு வந்துவிடுகிறது. பில்லின் ரகசியத்தில் பாதி அங்கே இருந்தது. உடம்பு? “உடம்புக்கு ஆளுக்கா பஞ்சம்?” என்று சிரித்தார். முள் எடுத்துத் துண்டு போட்டால் மீன் சூப்புக் கடைக்காரருக்கும் வெள்ளைக்காரச் சாப்பாட்டுக் கடைக்கும் போய்விடும். கடைகள் தலையைத்தான் முன்கூட்டிச் சொல்லி வைக்கின்றனவாம்.

அன்று சாயங்காலமே அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். “அப்ப வெள்ளைக்காரன் திங்கிற மீனுக்குத் தலைவாடகை நாம குடுக்குறோம்” என்று முடித்துவிட்டார்.

அடுத்து ரேஸ் கோர்ஸ் சாலையின் கடைகள். இந்தச் சாலைக்குப் பெயர் கொடுத்த குதிரைப் பந்தயத் திடல் ஃபேரர் பார்க்கில் இருந்தது. 1843இல் முதல் பந்தயம் ஓடியது. 1933இல் புக்கித் தீமாவுக்கு மாறியது. குதிரை போன சாலையில் பின்னாளில் மீன் தலை வந்து உட்கார்ந்தது. முத்தூஸ் கறி 1969இல் கிளாங் சாலையில் தொடங்கியது. பனானா லீஃப் அப்போலோ 1974. வெளிநாட்டு விருந்தாளி வந்தால் சிங்கப்பூர்க்காரர்கள் கூட்டிப்போகும் இடங்கள் இவை. ஆனால் அந்த வரிசையில் ஒரு கடையின் கல்லாவில் இருந்த பெரியவரிடம் கேட்டபோது கையை விரித்தார். “நாங்க வளத்தோம் தம்பி. பெத்தது வேற ஆளு.”

யார் என்று கேட்பதற்குள் இருபது பேர் கொண்ட சுற்றுலாக் கூட்டம் உள்ளே வந்துவிட்டது. பிறகு ஏப்ரல் வந்தது. ஏப்ரல் 7ஆம் தேதி ‘சர்க்கிட் பிரேக்கர்’ என்ற கொரோனா முடக்கம் தொடங்கியது. கடையில் உட்கார்ந்து சாப்பிடுவது நின்றது. அண்ணனும் பாயும் இருந்த தங்கும் விடுதியின் கதவு அதற்கும் மேலாக மூடிக்கொண்டது. ஒரே அறையில் அடுக்குக் கட்டில்களில் அத்தனை பேர். வேலை கிடையாது, வெளியே போக முடியாது. மூன்று வேளையும் பொட்டலச் சாப்பாடு. சேட்டன் மருத்துவமனையிலிருந்து எந்நேரம் வருவார், எந்நேரம் போவார் என்றே தெரியாது.

பந்தயத்தை யாரும் மறக்கவில்லை, அதுதான் வேடிக்கை. ராத்திரி பத்து மணிக்கு அண்ணன் வீடியோவில் வருவார். பின்னால் கட்டில் கம்பியில் துண்டு தொங்கும், பாய் மூக்கை மட்டும் நீட்டுவார். “என்னப்பா, தலை கிடைச்சுதா?” கிருமியைப் பற்றிப் பேச எங்கள் ஐந்து பேருக்கும் இஷ்டமில்லை. தலையைப் பற்றிப் பேசினோம்.

விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் தேசிய நூலகமும் பூட்டித்தான் கிடந்தது. ஆனால் அவர்கள் பழைய நாளிதழ்களைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறார்கள், வீட்டிலிருந்தே புரட்டலாம். தேட உட்கார்ந்தால் தேடியதைத் தவிர மற்றதெல்லாம் கிடைக்கும்: குதிரைப் பந்தய முடிவு, அரிசிப் பங்கீட்டு அறிவிப்பு, பல்பொடி விளம்பரம். ஆனால் மீன் தலைக் கறியின் கதை சொல்கிற பிற்காலக் கட்டுரைகளும் சாப்பாட்டு வரலாற்றுப் புத்தகங்களும் சுற்றிச் சுற்றி ஒரே பெயரில் வந்து நின்றன. எம். ஜே. கோமஸ். கேரளத்திலிருந்து வந்தவர். 1949இல் சோஃபியா சாலையில் கடை வைத்திருந்தார். சீன வாடிக்கையாளர்களுக்கு மீனில் தலைதான் உசத்தி என்பதைப் பார்த்து, முழுத் தலையைத் தென்னிந்தியக் குழம்பில் போட்டு அவர்கள் முன்னால் வைத்தார். பரவலாக எல்லோரும் ஒத்துக்கொள்ளும் வரலாறு இவ்வளவுதான்.

அன்றிரவு வீடியோவில் அறிவித்தேன். சேட்டன் பக்கத்து அறையிலிருந்து சிரித்துக்கொண்டே ஓடிவந்தார், ஓணத்துக்குக்கூட அப்படிச் சிரித்ததில்லை. அங்கிள் அவர் வீட்டுச் சோஃபாவிலிருந்து கையைத் தூக்கினார். சமைத்தது யாருக்காக? சீனருக்காக. அப்படியானால் பாதி என்னுடையது. பாய் கேட்டது வேறு. கோமஸ் வருவதற்கு முன்னால் தலையை யாரும் தின்னவில்லையா? தின்றார்கள். டாக்காவில் தின்றார்கள், கொல்லத்தில் தின்றார்கள், கடலூரில் எங்கள் அம்மா தின்றாள். வீட்டுக்குள் தின்றார்கள். அதைத் தனிப் பாத்திரத்தில், தனி விலையில், வேற்றுச் சமூகத்து ஆள் உட்கார்ந்திருக்கும் மேசைக்குக் கொண்டுபோனது யார் என்பதுதான் என் கேள்வி. என் கணக்கில் கோமஸ் கண்டுபிடித்தது கறியை அல்ல, வாடிக்கையாளரை. இதை நான் சொன்னபோது விடுதியில் வைஃபை போய்விட்டது.

கட்டுப்பாடு தளர்ந்ததும் அங்கிளோடு சோஃபியா குன்றுக்குப் போனேன். தோபி காட் ரயில் நிலையத்தில் இறங்கி, பழைய கேத்தே கட்டடத்தின் முகப்பைத் தாண்டினால் ஏற்றம் தொடங்கும். மேலே கூட்டுரிமை வீடுகள், நிழல், அமைதி. கோமஸ் கடை இருந்ததற்கு ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை. இந்த நகரம் மரத்துக்கெல்லாம் பெயர்ப் பலகை வைக்கும். அதில் ஒன்றை இங்கேயும் நட்டிருக்கலாம். அங்கிளுக்கு மூச்சு வாங்கியது. “தம்பி, ஹிஸ்டரி எல்லாம் ஏன் மேட்டுல இருக்கு?” என்றார்.

டிசம்பரில் சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாடு யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அண்ணன் அன்றைக்கும் விடுதியில்தான். “அதுல நம்ம தலை இருக்கா, பாரு” என்றார். 2021 செப்டம்பரில் தடுப்பூசி போட்ட ஊழியர்களைச் சோதனை முறையில், வாரத்துக்கு 500 பேர் வரை, வெளியே அனுப்பத் தொடங்கினார்கள். போகும் இடங்களில் லிட்டில் இந்தியாவும் ஒன்று. லட்சக்கணக்கானவர்கள் காத்திருந்த வரிசையில் அண்ணன் பெயர் வரவில்லை. ஐந்து பேரும் மறுபடி ஒரே மேசையில் உட்கார 2022 ஆகிவிட்டது.

அந்த முறை அங்கிள்தான் கூட்டிப்போனார், சீனக் கோப்பிக் கடைக்கு. மற்றப் பாதியையும் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்றார். அங்கே தலையை முதலில் ஆவியில் வேகவைத்து, அப்புறம் கறியை ஊற்றுகிறார்கள். மண் சட்டியில் முட்டைக்கோஸும் உப்பிய தவ்ஃபூவும் மிதக்கின்றன. பெரனாக்கான் வீடுகளின் கைப்பக்குவத்தில் செரை என்கிற எலுமிச்சைப்புல்லும் புங்கா கந்தான் பூவும் சேருமாம். புளிப்பு மட்டு, தேங்காய்ப்பால் கூடுதல். ரேஸ் கோர்ஸ் சாலைக் கறி இதற்கு நேர்மாறு: புளி, வெந்தயம், கடுகு, கறிவேப்பிலை, தக்காளி, வெண்டைக்காய், கத்திரிக்காய். சில கடைகளில் அன்னாசியும் விழும். அதைக் கடலூரில் சொன்னால் அடிக்க வருவார்கள். குடம்புளியைக் காணோம் என்பதைச் சேட்டனே ஒத்துக்கொண்டார்.

மேல் பக்கத்துச் சதை தீர்ந்ததும் சேட்டன் கரண்டியைக் கொடுத்துத் தலையைப் புரட்டப் போனார். அங்கிள் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். மீனைத் திருப்பினால் கடலில் எங்கோ ஒரு படகு கவிழும். அவர் அப்பா மீன்பிடிக் கம்பத்தில் பிறந்தவர், அந்த வீட்டில் யாரும் மீனைத் திருப்பியதில்லை. அண்ணன் சோற்றிலிருந்து நிமிர்ந்தார். “கப்பல் கவுறாம இருக்கணும்னு நானும் பாயும் வெயில்ல நின்னு வெல்டிங் அடிக்கிறோம். நீங்க மீனத் திருப்பாமயே காரியத்த முடிச்சிட்டீங்களே!” அங்கிளுக்கு இதை மொழிபெயர்த்துச் சொன்னேன். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஆனால் மணிக்கட்டை விடவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஜொகூர் பாருவிலும் மீன் தலைக்கு வரிசையில் நிற்கிறார்கள். பினாங்கு நாசி கண்டார் கடையிலும் தலை உண்டு. 2009இல் மலேசிய சுற்றுலா அமைச்சர் லக்சா, மிளகாய் நண்டு, கோழிச்சோறு எல்லாம் எங்களுடையவை என்று கிளப்பியபோது இரண்டு நாட்டுப் பத்திரிகைகளும் ஒரு வாரம் சாப்பாட்டை வைத்தே பிழைத்தன. எங்கள் மேசையில் மலேசியர் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

தீர்ப்பை நான்தான் எழுதினேன். கடைப் பண்டமாக மீன் தலைக் கறி பிறந்த ஊர் சிங்கப்பூர், வருடம் 1949, பெற்றவர் கோமஸ். கொல்லம், டாக்கா, ஒரத்தநாடு, கடலூர், ஹொக்கியன் தரப்பு வழக்குகள் தள்ளுபடி. இந்தக் கணக்கில் வென்றவர் எங்களில் சிங்கப்பூர்க்காரர் ஒருவரே, அங்கிள். ஜெயித்தவர்தான் விருந்து வைக்க வேண்டும் என்று அண்ணன் அந்த நிமிடமே புதுச் சட்டம் போட்டார். அங்கிள் முணுமுணுத்துக்கொண்டே பணப்பையை எடுத்தார்.

தேக்கா பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு பேராகப் போய்ப் பெரிய தலை சொல்லாதீர்கள், மிஞ்சும். நாலைந்து பேர் சேர்ந்து போங்கள். கண்ணுக்குக் கீழே கன்னத்துச் சதையை முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். பக்கத்துக்கு ஒன்று வீதம் இரண்டுதான் இருக்கும். சீன நண்பர் கூட இருந்தால் தலையைத் திருப்ப வேண்டாம். நடு எலும்பைத் தூக்கிவிட்டால் அடிச் சதை தானாகக் கரண்டிக்கு வரும்.