ஜெபிக்கிறேன் அக்கா...

இதை எழுதலாமா வேணாமான்னு ரொம்ப நாள் யோசிச்சேன். நம்மள பத்தி நாமே நல்லவிதமா எழுதறது சுலபம். இது அந்த மாதிரி இல்ல.

எங்க ஊர் திமிரி. ஆற்காட்டிலிருந்து ஆரணி போற ரோட்டுல இருக்கு. வெளியூர்க்காரங்களுக்கு ஆற்காடு மக்கன் பேடாவில ஆரம்பிச்சு வழி சொன்னாதான் புரியும் :-) ஊர்ல ஆயாவும் அம்மா அப்பாவும் இருக்காங்க. நான் சென்னையில பொட்டி தட்டிக்கிட்டு இருக்கேன்.

போன வருஷம் ஒரு புதன்கிழமை ராத்திரி, பக்கத்து வீட்டு அக்காகிட்டேர்ந்து வாட்ஸப்புல ஒரு மெசேஜ். அவங்க வீட்டுக்காரர் ராணிப்பேட்டை பக்கம் ஒரு டேனரியில வேலை பாக்கறவர். மெஷின்ல வலது கை மாட்டிக்கிச்சாம். வேலூர்ல ஒரு ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க, ஆபரேஷன். "தம்பி, ரத்தம் குடுக்க ரெண்டு பேர் வேணும். உனக்கு அங்க யாராவது தெரியுமா? ஜெபம் பண்ணிக்கோ."

எனக்கு அன்னைக்கு ரிலீஸ். பத்து மணிக்கு மேல ஆயிடுச்சு, டெஸ்டிங்ல ரெண்டு பிரச்சனை, மேனேஜர் கால்ல இருக்கார். நான் என்ன பண்ணேன் தெரியுமா? "கண்டிப்பா ஜெபிக்கிறேன் அக்கா"ன்னு அடிச்சு, கூடவே ரெண்டு கூப்பின கை பொம்மை. மொத்தம் அஞ்சு செகண்ட் ஆகியிருக்கும். போனை கவுத்து வெச்சுட்டு வேலையை பாக்க ஆரம்பிச்சேன்.

வேலூர்ல என் கூட இன்ஜினியரிங் படிச்ச பசங்க நாலஞ்சு பேர் இருக்காங்க. ரெண்டு போன் கால் போதும். அது எனக்கு தோணவே இல்ல. சரி, சொன்ன மாதிரி ஜெபமாவது பண்ணேனான்னா... அதுவும் இல்ல. சுத்தமா மறந்துட்டேன்.

அடுத்த வாரம் சனிக்கிழமை ஊருக்கு போனேன். உள்ள நுழைஞ்சா அந்த அக்காவோட பசங்க ரெண்டு பேரும் எங்க வீட்டு கூடத்துல உக்காந்து இட்லி சாப்பிடறாங்க. ஆயா பெரிய பொண்ணுக்கு தலை பின்னிக்கிட்டு இருக்காங்க. பத்து நாளா இங்கதான் சாப்பாடு, தூக்கம் எல்லாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆயா கேரியர்ல சாப்பாடு கட்டிக்கிட்டு, ஆற்காட்டுல பஸ் மாறி வேலூருக்கு போயிட்டு வராங்க. ஆயாவுக்கு வயசு எழுபத்தி நாலு. முட்டி வலி வேற.

"ரத்தம் யாரு ஆயா குடுத்தாங்க?"

"கூட வேலை செய்யற பசங்கப்பா. ஒருத்தன் பாய் ஊட்டு புள்ள. நைட் ஷிப்ட் முடிச்சுட்டு தூங்காம நேரா வந்து குடுத்துட்டு போனான்."

அப்புறம் தலை பின்னறத நிறுத்தாமயே ஒண்ணு சொன்னாங்க. "நீ ஜெபம் பண்றேன்னு சொன்னியாமே. அந்தப் பொண்ணு சொல்லி சொல்லி சந்தோஷப்பட்டுச்சு. சென்னையிலேர்ந்து தம்பி நமக்காக ஜெபம் பண்ணுதுன்னு."

திட்டியிருந்தா கூட பரவாயில்ல.

எங்க தொழில்ல ஆன்-கால் டியூட்டின்னு ஒண்ணு உண்டு. ராத்திரி சர்வர் படுத்துக்கிச்சுன்னா போன் அலறும். எழுந்து 'அக்னாலெட்ஜ்' பட்டனை அமுக்கினா சத்தம் நின்னுடும். சத்தம்தான் நிக்கும், சர்வர் படுத்தபடியேதான் இருக்கும். ஆள் எழுந்து உக்காந்து சரி பண்ணணும். பட்டனை அமுக்கிட்டு திரும்ப தூங்கிட்டா வேலை போயிடும். என்னோட "ஜெபிக்கிறேன்" அந்த பட்டன்தான். அக்காவோட சத்தத்தை நிறுத்தினேன், அவ்ளோதான்.

அன்னைக்கு ராத்திரி ஆயாகிட்ட உண்மைய சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "அன்னைக்கு ஐடா அம்மா வூட்டு கதவ மூணு பேர் தட்டினாங்களே, ஞாபகம் இருக்கா?"ன்னாங்க.

எங்க பக்கம் சண்டே ஸ்கூல் போன யாருக்கும் இந்த கதை தெரியும். ஆயா பொறந்ததே வேலூர் சி.எம்.சி.யில, அதனால எங்க வீட்டுல கொஞ்சம் அதிகமாவே தெரியும். ஐடா ஸ்கடர் 1870ல, எங்களுக்கு பக்கத்து ஊரான ராணிப்பேட்டையில பொறந்தவங்க. தாத்தா, அப்பா, எல்லாரும் மிஷனரி டாக்டருங்க. இந்தம்மாவுக்கு மட்டும் இந்த ஊரே வேணாம், அமெரிக்காவுல செட்டில் ஆகணும். (நம்ம பசங்க மாதிரியேதான்!) அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு 1890ல வந்தப்ப திண்டிவனத்துல தங்கியிருந்தாங்க. ஒரே ராத்திரி மூணு பேர் வந்து கதவ தட்டறாங்க. ஒருத்தர் பிராமணர், ஒருத்தர் முஸ்லிம், இன்னொருத்தர் வேற சாதி இந்து. மூணு பேருக்கும் ஒரே பிரச்சனை, பொண்டாட்டிக்கு பிரசவ வலி, குழந்தை வெளிய வரல. "எனக்கு ஒண்ணும் தெரியாது, எங்க அப்பா டாக்டர், அவர கூட்டிட்டு போங்க"ன்னு ஐடா சொல்றாங்க. ஆம்பளை டாக்டர் எங்க வீட்டு பொம்பளைய பாக்கக்கூடாதுன்னு மூணு பேருமே திரும்பி போயிட்டாங்க. விடிஞ்சு விசாரிச்சா மூணு பொண்ணுங்களும் செத்துட்டாங்க.

அந்த ராத்திரி முழுக்க ஐடா தூங்காம ஜெபம் பண்ணாங்க. இத்தனை வருஷம் இந்த கதைய கேட்டும் எனக்கு உறைக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. அந்த ஜெபத்துனால அந்த மூணு பேரும் பொழைக்கல. காலையில மாறினது ஐடா மட்டும்தான். நான் டாக்டருக்கு படிக்கப் போறேன்னு அப்பா அம்மாகிட்ட சொல்றாங்க. 1899ல கார்னெல்ல டாக்டர் பட்டம், 1900ல வேலூர். வந்த வருஷமே அப்பா இறந்துட்டார். பங்களாவுல ஒரு சின்ன ரூம்ல வைத்தியத்தை ஆரம்பிச்சு, 1902ல 40 படுக்கையோட ஆஸ்பத்திரி. 1909ல நர்சுங்களுக்கு பயிற்சி. 1918ல பொண்ணுங்களுக்குன்னே மருத்துவப் பள்ளி. முதல் செட்ல 14 பேர் படிச்சு முடிச்சாங்க. 1930கள் கடைசியில, யுனிவர்சிட்டி பட்டப்படிப்பா மாத்தலைன்னா பள்ளிய நடத்த முடியாதுங்கற நிலைமை வந்தப்ப, எழுபது வயசு தாண்டியும் அமெரிக்காவுல ஊர் ஊரா போய் பணம் திரட்டினாங்க. 1947லேர்ந்து பசங்களையும் சேத்துக்கிட்டாங்க. 1960ல கொடைக்கானல்ல இறந்தாங்க.

விசுவாசம்னா கர்த்தர் பாத்துப்பாருன்னு சும்மா உக்காந்திருக்கறதுன்னுதான் நான் நினைச்சிட்டு இருந்தேன். அந்தம்மாவோட விசுவாசம் அனாடமி புத்தகத்தை தூக்கிட்டு வருஷக்கணக்கா உக்காந்து படிச்சது.

ஆயாவோட ஜெபக்குறிப்பு நோட்டை அன்னைக்குதான் முதல் தடவையா திறந்து பாத்தேன். பழைய காலேண்டர் டைரி. தினமும் விடியற்காலை நாலரைக்கு எழுந்து அத வெச்சுதான் ஜெபம். ஒவ்வொரு பேர் பக்கத்துலயும் ஏதோ எழுதியிருக்கு. ஒருத்தர் பேருக்கு நேரா "சுகர் மாத்திரை வாங்கணும்". இன்னொண்ணுல "மருமககிட்ட பேசணும்". அக்கா பேருக்கு நேரா "பசங்க, சாப்பாடு, பஸ் 7 மணி".

"இது ஜெபமா, வேலை லிஸ்ட்டா ஆயா?"

"ரெண்டும் வேற வேறயா என்ன?"

மறுநாள் ஞாயித்துக்கிழமை. கோயிலுக்கு போகாம கேரியரை எடுத்துக்கிட்டு நான் வேலூருக்கு போனேன். அக்காவை வீட்டுக்கு அனுப்பிட்டு ராத்திரி அண்ணன்கூட இருந்தேன். ஒண்ணும் பெருசா செய்யல. தண்ணி குடுத்தேன், மூக்கு அரிச்சா சொறிஞ்சு விட்டேன். ரெண்டு விரல் போயிடுச்சு. கட்டு போட்ட கையையே பாத்துக்கிட்டு இருந்தவர் திடீர்னு, "தம்பி, ஒரு ஜெபம் பண்ணேன்"ன்னார். எனக்கு வார்த்தையே வரல. "ஆண்டவரே, அண்ணனுக்கு பயமா இருக்கு, எனக்கும் என்ன சொல்றதுன்னு தெரியல"ன்னு மட்டும் சொன்னேன். ரொம்ப மாசம் கழிச்சு நான் நிஜமா பண்ண ஜெபம் அதுதான்னு நினைக்கறேன்.

இதே வேலூர்ல 1946ல பால் பிராண்டுன்னு ஒரு டாக்டர் வந்தார். தொழுநோயால மடங்கிப்போன கைங்களை ஆபரேஷன் பண்ணி நிமித்தினவர். கை சரியாகி வெளிய போனவங்களுக்கு யாருமே வேலை குடுக்கல. அதனால தச்சு வேலை மாதிரி தொழில் கத்துக்குடுக்க தனியா ஒரு இடம் ஆரம்பிச்சாங்க. கை சரியானா மட்டும் போதாது, அடுத்து வயித்துக்கு வழி வேணும். அண்ணனுக்கும் அதே கேள்விதான். நான் டாக்டர் இல்ல. ஆனா ஃபாரம் நிரப்ப தெரியும். இ.எஸ்.ஐ. பேப்பர் எல்லாத்தையும் வாங்கி, ஸ்கேன் பண்ணி, அடுத்தடுத்து மூணு சனிக்கிழமை ஊருக்கு வந்து அவரோட அலைஞ்சேன். இப்போ அந்த உதவித்தொகை வருது. மெஷின் வேலை இனி முடியாது, வேற வேலை தேடிக்கிட்டு இருக்கோம்.

அக்காகிட்டயும் சொல்லிட்டேன். "அக்கா, அன்னைக்கு நான் ஜெபமே பண்ணல."

கொஞ்ச நேரம் என்னையே பாத்தாங்க. "தெரியும் தம்பி. பண்ணியிருந்தா அன்னைக்கே போன் பண்ணியிருப்ப"ன்னாங்க. அப்புறம் டீ போட உள்ள போயிட்டாங்க.

இப்பல்லாம் யாராவது ஜெபம் பண்ண சொன்னா உடனே டைப் பண்றது இல்ல. முதல்ல போன் பண்ணி "என்ன வேணும்?"னு கேக்கறேன். ஒரு நோட்டும் வாங்கியிருக்கேன். இதுவரைக்கும் பதினோரு பேர், நாலு பேருக்கு நேரா இன்னும் ஒண்ணும் எழுதல.