"அக்கா, சிஸ்டத்தை மாத்திடலாமா?"

2025 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. விண்டோஸ் 10-க்கு இலவசமாகக் கொடுத்துவந்த பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் அன்றோடு நிறுத்திக்கொண்டது. 2015 ஜூலையில் வந்த சிஸ்டம். பத்து வருடம் ஓடியாகிவிட்டது. மறுநாள் காலை உலகம் முழுக்க விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்கள் வழக்கம்போல ஆன் ஆகின. வழக்கம்போல வேலை பார்த்தன.

சிக்கலே அதுதான். மிக்ஸியில் காயில் எரிந்துபோனால் புதுசு வாங்கலாமா வேண்டாமா என்று யாரும் ஒரு மாதம் யோசிப்பதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பொருளை, எங்கோ ஒருவர் தேதி குறித்துவிட்டார் என்பதற்காக மாற்றுவதா? பல வீடுகளிலும் கடைகளிலும் அந்த மாதம் இதே பேச்சுதான். டெல்டா பக்கம் ஒரு தாலுகா ஊரில், டி.டி.பி. கடை நடத்தும் பெண்மணிக்கும் அதே கேள்வி. வயது 54. ஊருக்கே அவர் 'டி.டி.பி. அக்கா'.

கடையில் இரண்டு கம்ப்யூட்டர்கள். சுவரோரம் இருப்பதில் விண்டோஸ் 7, அதற்குள் பேஜ்மேக்கர். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கும்பாபிஷேக நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை எல்லாம் அதில்தான் தயாராகும். வாசலோரம் இருப்பது 2016-ல் வாங்கிய விண்டோஸ் 10. வருமானச் சான்றிதழ், பட்டா, அரசுத் தேர்வு விண்ணப்பம், கரன்ட் பில் என்று இன்டர்நெட் வேலைகளுக்கு அது. 'இந்த கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் 11 போடும் தகுதி இல்லை' என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்ததும் இந்த வாசலோரக் கம்ப்யூட்டர்தான்.

ஆளுக்கொரு யோசனை

சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கும் மகனுக்கு இதில் குழப்பமே இல்லை. "அம்மா, புதுசா ஒண்ணு வாங்கிடு. பணம் நான் அனுப்புறேன்."

"ஓடுற சிஸ்டத்தை எதுக்குடா தூக்கிப் போடணும்? ஒன்பது வருஷத்துல ஒரு தடவைதான் ரிப்பேருக்கே போயிருக்கு."

சர்வீஸ் பார்க்கும் பையன் வேறு வழி சொன்னான். "அக்கா, அந்தத் தகுதி செக்கிங்கைத் தாண்டி 11-ஐ ஏத்திடலாம். அரை நாள் வேலை. யூடியூப்லயே இருக்கு."

பக்கத்து டிராவல்ஸ்காரருக்கு எல்லாமே சிரிப்புதான். "நான் இன்னும் செவன்தாம்மா ஓட்டுறேன். என்ன ஆயிடுச்சு இப்போ?"

மூன்று பேர் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. அதனால் அக்கா உடனே முடிவெடுக்கவில்லை. அப்டேட் என்றால் என்ன, நின்றால் என்ன ஆகும் என்று மகனிடமே தினம் ஒரு கேள்வியாகக் கேட்டார்.

மகன் ஓட்டு வீட்டை உதாரணம் காட்டினான். ஊரில் தாத்தா வீட்டுக்கு ஒவ்வொரு வருடமும் ஐப்பசி மழைக்கு முன்னால் ஆள் ஏறி, உடைந்த ஓடுகளை மாற்றுவார்கள். விண்டோஸுக்கு அது மாதாமாதம் நடக்கிறது. மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அப்டேட் வரும். ஆள் ஏறுவதை நிறுத்திய அன்றே வீடு இடிந்துவிடாது. ஆனால் அடுத்து உடையும் ஓடு உடைந்தபடியேதான் இருக்கும்.

இதில் இன்னொன்றும் உண்டு. விண்டோஸ் 10-க்கும் 11-க்கும் உள்ளே பல பாகங்கள் பொது. 11-ல் ஒரு ஓட்டையை அடைத்து அப்டேட் விட்டால், எங்கே அடைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தே, 10-ல் அதே ஓட்டை எங்கே திறந்து கிடக்கும் என்று திருடர்கள் கண்டுபிடித்துவிடலாம். வீட்டுக்காரருக்குத் தெரியாத ஓட்டை, திருடனுக்குத் தெரிந்திருக்கும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' என்ற வைரஸ் கிளம்பியது. கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைல்களையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. சில நாட்களில் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் புகுந்தது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் 19,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்குக் கொடுத்திருந்த நேரம் ரத்தாகியிருக்கும் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டது. யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியதில்லை. ஒரே நெட்வொர்க்கில் இருந்த அடுத்த கம்ப்யூட்டருக்கு அது தானாகவே தாவியது. அதை அடைக்கும் அப்டேட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வந்திருந்தது. போட்டவர்கள் தப்பித்தார்கள். அதிகம் மாட்டியது விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள்.

டிராவல்ஸ்காரரிடம் இதைச் சொன்னதும் அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, "நம்ம கடைக்கெல்லாம் யாரும்மா வரப்போறா?" என்றார். வான்னாக்ரை கடை பார்த்து வரவில்லை என்பதுதான் அதற்குப் பதில்.

நான்கு வழிகள்

விண்டோஸ் 11 ஏன் எல்லா கம்ப்யூட்டரிலும் ஏறுவதில்லை? அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். பீரோவுக்குள் தனிச் சாவியோடு ஒரு லாக்கர் இருக்குமே, அதுபோல. கம்ப்யூட்டரின் ரகசியச் சாவிகள் அதற்குள் இருக்கும். குறைந்தது 4 ஜி.பி. மெமரியும், அனுமதிக்கப்பட்ட பட்டியலில் உள்ள பிராசஸரும் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிறகு வந்தவையும். அவை 2017-ல்தான் சந்தைக்கு வந்தன. அக்காவின் கம்ப்யூட்டர் 2016.

சர்வீஸ் பையன் சொன்னபடி சோதனையைத் தாண்டி 11-ஐ ஏற்ற முடியும். ஆனால் அதை மைக்ரோசாஃப்ட் பரிந்துரைப்பதில்லை. அப்படி ஏற்றிய கம்ப்யூட்டருக்கு அப்டேட் வரும் என்ற உறுதியும் கிடையாது. அப்டேட் வேண்டும் என்றுதானே இவ்வளவு பாடு!

மூன்றாவது வழி, கொஞ்சம் அவகாசம் வாங்குவது. வீட்டில் சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்களை நீட்டிக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டிருந்தது. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்தால் இலவசம். இல்லாவிட்டால் 30 டாலர். நிறுவனங்களுக்கு வேறு கணக்கு: ஒரு கம்ப்யூட்டருக்கு முதல் வருடம் 61 டாலர், அடுத்தடுத்த வருடங்களில் இரட்டிப்பு.

நான்காவது, லினக்ஸ். காசு கிடையாது, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், அப்டேட்டும் வரும். தமிழ்நாட்டுக்கு இது புதிதும் இல்லை. 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த லேப்டாப்களில், விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. அக்காவின் மகளுக்கும் பிளஸ் டூவில் அந்த லேப்டாப் கிடைத்தது. கல்லூரி முடிக்கும்வரை பாஸ் பக்கம் அவள் போகவே இல்லை!

அந்த ஸ்கேன் ஃபோல்டர்

வருமானத்தைப் பார்த்தால் ஒரு வருட அவகாசமே போதும் என்றுதான் அக்காவுக்கும் தோன்றியது. தை பிறந்து கல்யாண சீசன் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம். கடைக்கு உண்டான தொகையைக் கட்டிவிடலாமா என்று கணக்குப் போட்டபடியே, எதையெல்லாம் பேக்கப் எடுக்க வேண்டும் என்று ஒருநாள் மதியம் டிரைவைத் திறந்தார்.

'ஸ்கேன்' என்று ஒரு ஃபோல்டர். உள்ளே வருடவாரியாக ஒன்பது ஃபோல்டர்கள். ஆதார் அட்டை, ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், மாற்றுச் சான்றிதழ், கையெழுத்து, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. விண்ணப்பம் போட வந்தவர்கள் கொடுத்ததை ஸ்கேன் செய்து, வேலை முடிந்ததும் அப்படியே விட்டது. "அக்கா, போன தடவை கொடுத்த ஆதார் இருக்குமே, அதையே போட்ருங்க" என்று கேட்பவர்களும் உண்டு என்பதால் அழிக்கத் தோன்றியதில்லை. ஆயிரக்கணக்கில் இருந்தன. ஊரில் பாதிப் பேரின் விவரம் அந்த வாசலோரப் பெட்டிக்குள் இருந்தது.

அதுவரை கேள்வி, 'என் சிஸ்டத்துக்கு என்ன ஆகும்?' என்பதாக இருந்தது. தன் பொருள் என்றால் ஒருவர் துணிந்து பார்க்கலாம். நஷ்டம் வந்தால் தன்னோடு போகும். ஆனால் இது தெரு முனைக் கிழவியின் முதியோர் உதவித்தொகை வரும் பேங்க் அக்கவுன்ட். அவரிடம் கேட்காமல் அவர் தலையில் இந்த ரிஸ்க்கைச் சுமத்த முடியாது.

அன்று இரவு மகனுக்கு போன் போட்டார். "பணம் நீ அனுப்ப வேண்டாம்டா. தவணையில வாங்கிக்கிறேன். எது வாங்கணும்னு மட்டும் சொல்லு."

விண்டோஸ் 11 போட்ட புது கம்ப்யூட்டர் வாசலோரம் வந்தது. ஸ்கேன் ஃபோல்டர் புதுசுக்கு வரவில்லை. வேலை முடிந்ததும், வாடிக்கையாளர் முன்னாலேயே அவரவர் ஃபைலை அழித்துவிடுவது என்பது கடையின் புது வழக்கம். பழைய கம்ப்யூட்டரில் வெறும் டெலீட் போதாது என்று சர்வீஸ் பையனே சொன்னான். டெலீட் செய்தால் பட்டியலில் இருந்து பெயர்தான் போகும்; அதன் மேல் வேறொன்று எழுதப்படும்வரை பழைய ஹார்டு டிஸ்க்கில் விஷயம் அப்படியே கிடக்கும். எனவே டிஸ்க் முழுவதையும் அழித்து எழுதிவிட்டு, லினக்ஸ் போட்டு, தங்கை வீட்டுப் பேத்திக்குக் கொடுத்தார்கள். அவள் அதில் படம் வரைகிறாள்.

சுவரோரப் பெட்டி

விண்டோஸ் 7-ஐ என்ன செய்வது? அதற்கான அப்டேட் 2020 ஜனவரி 14-லேயே நின்றுவிட்டது. நியாயப்படி அதைத்தான் முதலில் மாற்றியிருக்க வேண்டும். ஆனால் அது ஒரு தனி உலகம்.

அதிலிருக்கும் பேஜ்மேக்கர் 7, 2001-ல் வந்தது. அதற்குப் பிறகு புதுப் பதிப்பே வரவில்லை. அதற்கு யூனிகோட் தெரியாது. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இருக்கையில்தான் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். அக்காவின் லேசர் பிரின்டருக்கும், தமிழ் மென்பொருளோடு வந்த 'டாங்கிள்' சாவிக்கும் இருப்பது 32 பிட் டிரைவர் மட்டுமே. விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது. மாற்றினால் இரண்டும் வெறும் பிளாஸ்டிக்.

எனவே அந்தப் பெட்டி அப்படியே இருக்கட்டும் என்று முடிவானது, ஆனால் இன்டர்நெட் ஒயர் இல்லாமல். கடை வை-ஃபை பாஸ்வேர்டும் அதிலிருந்து நீக்கப்பட்டது. ஃபைல் கொண்டுபோக, கொண்டுவர கடைக்கென்று ஒரே ஒரு பென் டிரைவ். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவை முதலில் புது கம்ப்யூட்டரில் போட்டு, வைரஸ் பார்த்த பிறகே எதுவும் நகரும். மானிட்டர் ஓரத்தில் ஒரு சீட்டு: 'இதில் பென் டிரைவ் போடாதீர்கள்.'

பாதுகாப்புக்கு இது போதும். ஆனால் ஹார்டு டிஸ்க்குக்கும் வயதாகிறது. அதற்குள் இருப்பதில் பல ஃபைல்களுக்கு வேறு பிரதியே இல்லை. அண்ணன் கல்யாணப் பத்திரிகையில் போட்ட மாதிரியே தாத்தா, பாட்டி, மாமன்மார் பெயர் வரிசை வேண்டும் என்று வந்து நிற்கும் குடும்பங்கள் உண்டு. எல்லா ஃபைல்களையும் இரண்டு வெளி டிஸ்க்குகளில் எடுத்து, ஒன்றைக் கடையிலும் ஒன்றை வீட்டிலும் வைத்தார். முக்கியமானவற்றை பி.டி.எஃப். ஆக மாற்றினார். பி.டி.எஃப்.-க்குள் எழுத்துருவும் சேர்ந்தே போய்விடுவதால் எந்த கம்ப்யூட்டரிலும் தமிழ் தமிழாகத் தெரியும்.

அப்படித் தேடும்போதுதான் அந்தப் புத்தகம் கிடைத்தது. ஊர்க் கோயிலின் தல வரலாறு, 96 பக்கம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கையால் எழுதிக்கொண்டுவந்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எழுத்துப் பிழை பார்த்து முடித்தது. அச்சுக்குப் போகும் முன் காலமாகிவிட்டார். கையெழுத்துப் பிரதி என்னவானது என்று அவர் பிள்ளைகளுக்கும் தெரியவில்லை.

பி.டி.எஃப். ஆக்கினால் படிக்கலாம், ஆனால் போனில் தேடினால் கிடைக்காது, திருத்தவும் முடியாது. யூனிகோடுக்கு மாற்றினால் இரண்டும் முடியும். தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-ல். விண்டோஸில் யூனிகோட் தமிழ் வந்ததோ 2000-லேயே. மாற்றித் தரும் இலவச கன்வெர்ட்டர்கள் இருக்கின்றன. ஆனால் பத்தி பிரிப்பு குலையும். சில இடங்களில் கொம்பும் காலும் இடம் மாறும். ஒவ்வொரு பக்கத்தையும் பழைய பிரின்டோடு வைத்து ஒப்பிட்டுத்தான் சரிசெய்ய வேண்டும்.

கடை சாத்தும் முன் தினமும் ஒரு பக்கம், கூட்டம் இல்லாத நாளில் இரண்டு. ஆசிரியரின் மூத்த மகளிடம் விஷயத்தைச் சொல்லியாகிவிட்டது. முடிந்ததும் அச்சிட்டுக் கோயிலுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறார் அவர். இதுவரை 41 பக்கம் முடிந்திருக்கிறது.