சிண்டி ஆச்சி

ஜூன் 16, 2011, வியாழன்

முழங்கால் வலி. ஏசியைக் குறைத்தால் மாப்பிள்ளைக்கு வேர்க்கிறதாம். போர்வையைச் சுற்றிக்கொண்டு சோபாவில்.

காலையிலிருந்து டிவியில் ஒரே பாட்டு, இன்றோடு மூன்று வருஷம் என்று. 2008 ஜூன் 16-க்குப் பிறகு கெய்லி என்கிற அந்தப் பிள்ளையைப் பார்த்தவர் இல்லை. பிள்ளையைக் கொன்றதாகத் தாய் கேசி மேல் இந்த ஊர்க் கோர்ட்டில் கேஸ் நடக்கிறது, இன்றைக்கென்று பார்த்து அவள் தரப்பு சாட்சிகள் ஆரம்பம். கெய்லிக்கு அப்போது மூன்று வயசுகூட முடியவில்லை, இரண்டு மாசம் குறைவு. நம்ம குட்டிக்கு இந்தத் தீபாவளிக்கு அதே கணக்கு. எதற்குக் கணக்குப் போட்டேன்?

மகள் ஆபீஸிலிருந்து வந்ததும் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "என்னம்மா சொன்னாங்க இன்னைக்கு?" ஒப்பித்தேன். நான் வந்ததிலிருந்து அவள் உட்கார்ந்து என்னிடம் பேசுவது இது ஒன்றைத்தான்.

குட்டி பருப்புச் சாதத்தைத் துப்பிவிட்டாள்.

ஜூன் 17, வெள்ளி

கோர்ட்டு வாசலில் தள்ளுமுள்ளு. உள்ளே போக ஜனங்களுக்குத் தினம் ஐம்பது சீட்டுத்தான். அதற்கு ராத்திரியே வந்து ரோட்டில் படுத்துக் கிடக்கிறார்கள். இன்றைக்கு அடிதடி. திருச்செந்தூர் தர்ம தரிசன வரிசை தோற்றது. இனி முந்தின நாளே சீட்டைக் கொடுத்துவிடுவார்களாம்.

துணி துவைக்கிற ரூமில் போர்ட்டோ ரிக்கோக்காரி. அவளும் என்னை மாதிரி பேரனைப் பார்த்துக்கொள்ள வந்தவள். அவளுக்கும் அரை இங்கிலீஷ், எனக்கும் அரை. நன்றாகவே ஓடுகிறது. கெய்லியின் தாத்தாதான் ஏதோ பண்ணிவிட்டான் என்கிறாள். என் மகள் தாயைத்தான் சொல்கிறாள், முகநூலில் எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்களாம். மேல்வீட்டுத் தெலுங்குப் பெண், பிள்ளை உயிரோடுதான் இருக்கிறது, விற்றுவிட்டார்கள் என்கிறாள். எலும்பு கிடைத்து இரண்டரை வருஷம் ஆகிறது. எம்.எஸ். படித்த பெண்.

ஜூன் 19, ஞாயிறு

கேசல்பெரி கோயிலுக்குப் போனோம். புளியோதரை வாங்குகிற வரிசையிலும் இதே பேச்சு. முப்பத்தொரு நாள் பிள்ளையைக் காணோம் என்று சொல்லாமல் ஒருத்தி டான்ஸ் ஆடப் போவாளா, பச்சை குத்திக்கொள்வாளா. பட்டுப்புடவை ஒன்று சொல்கிறது, "அவ கண்ணைப் பாத்தாலே தெரியுதே." எனக்குக் கண்ணைப் பார்த்து ஒன்றும் தெரிவதில்லை. முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள். பென்சில் திருடினவன்தான் எப்போதும் நேராகப் பார்ப்பான்.

அவுக போன் பண்ணினாக. அங்கே சமச்சீர் புத்தகமா பழைய புத்தகமா என்று கேஸ் நடக்கிறது, பத்தாங்கிளாஸ் பிள்ளைகள் வெறும் பையோடு போகிறதாம். பிரஷர் மாத்திரை இருக்கா என்று கேட்டாக. இருக்கு என்றேன். குறைந்துகொண்டுதான் வருகிறது.

ஜூன் 23, வியாழன்

கேசியின் அம்மா சிண்டி சாட்சிக் கூண்டில்.

குக்கரை மறந்துவிட்டேன். சாதம் அடிப்பிடித்தது.

வீட்டுக் கம்ப்யூட்டரில் குளோரோபார்ம் என்று தேடியது மகள் இல்லையாம், தானாம். நாய்க்குட்டி தூங்கித் தூங்கி விழுந்தது, கொல்லையில் மூங்கில் இலையைத் தின்றிருக்குமோ என்று குளோரோபில் பற்றிப் பார்க்கப் போய், அங்கேயிருந்து இதற்குப் போனேன் என்கிறாள். குரல் நடுங்கவில்லை. அரசுத் தரப்பு சொல்கிற கணக்கு 84 தடவை. அத்தனை தடவை பார்க்கவில்லை என்று மட்டும் மறுத்தாள்.

என் மகள் ராத்திரி முழுக்க அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். "பச்சப் பொய். பாட்டியையும் உள்ள போடணும்."

இந்தப் பாட்டிதான் அன்றைக்குப் போலீஸுக்குப் போன் பண்ணி, காரில் பிண வாடை அடிக்கிறது என்று கத்தினவள். இவள் கூப்பிடாவிட்டால் கேஸே இல்லை. அதை ஒருத்தரும் சொல்லக் காணோம்.

நானாக இருந்தாலும் நான்தான் தேடினேன் என்று

ஜூன் 24, வெள்ளி

நேற்று பாதியில் நிறுத்தியது அப்படியே இருக்கட்டும். மகள் இதை எடுத்துப் படிக்கப் போவதில்லை. என் கையெழுத்தைப் படிக்க அவளுக்குப் பொறுமை ஏது.

கால் வீக்கம். உப்பைக் குறைக்கணும். ஊறுகாயை விட முடியவில்லை.

ஜூன் 26, ஞாயிறு

அந்தப் போட்டோவைத் திரும்பவும் காட்டினார்கள். கொல்லையில் தரைக்கு மேலே நிறுத்தின நீச்சல்குளம். பிள்ளை ஏணியில் ஏறுகிறது. பின்னாலேயே ஆச்சி. குளத்தில் விழுந்துதான் செத்தது என்பது கேசி தரப்பு வாதம். ஏணியைக் கழற்றி வைப்பாளாம் சிண்டி. அந்த நாளை ஒட்டி ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்து பார்த்தால் ஏணி மாட்டியபடி இருந்ததாம், பக்கத்துக் கதவும் திறந்து கிடந்ததாம்.

நம்ம காலனிக் குளத்துக்கு இரும்புக் கதவு. தானாக மூடும் என்கிறார்கள். போய்ப் பார்த்தேன். மூடுகிறது, ஆனால் கொக்கி விழ ஒரு தட்டுத் தட்டணும். மாப்பிள்ளையிடம் சொன்னேன். ஆபீஸில் சொல்கிறேன் என்றார். சொல்ல மாட்டார்.

சொதி வைத்தேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். சரி, நல்ல பிள்ளைதான்.

ஜூன் 29, புதன்

தாத்தா அழுதார். 2009-இல் சாகப் போனதைக் கேட்டார்கள். அவர் மேல் கேசியின் வக்கீல் முதல் நாளே தூக்கிப் போட்ட பழி அப்படி, எழுதக் கை வரவில்லை. இல்லவே இல்லை என்கிறார். அதற்குச் சாட்சி என்று ஒன்றும் வரவில்லை.

போர்ட்டோ ரிக்கோக்காரி நம்பவில்லை. "ஆக்டிங்" என்றாள். அழாவிட்டால் கல்நெஞ்சு, அழுதால் ஆக்டிங். அவளிடம் சொல்ல இங்கிலீஷ் வரவில்லை. டிரையர் நின்றது. துணியை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் மட்டும் என்னவாம். சிண்டி அழுதபோது நானும் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 1, வெள்ளி

சிண்டி வேலை பார்த்த கம்பெனியிலிருந்து ஆள் வந்து சாட்சி. வீட்டில் தேடினேன் என்று அவள் சொல்கிற நேரத்தில் அவள் பேரில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வேலை நடந்திருக்கிறது. பதிவு இருக்கிறது.

என் மகளுக்கு ஒரே சந்தோஷம். ஊரே முகநூலில் கொண்டாடுகிறதாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏட்டி, பேத்தியும் போயிட்டா. மகளும் தூக்குக்குப் போகணுமா? அவ யாரைத்தான் காப்பாத்துவா?" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை. "அப்ப நான் குட்டியை எதாவது பண்ணினாலும் நீ இப்படித்தான் சொல்லுவியாம்மா?"

என்ன கேள்வி இது. வாயில் வரலாமா.

சாப்பிடவில்லை இரண்டு பேரும். மாப்பிள்ளை பீட்சா வரவழைத்தார்.

ஜூலை 3, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையும் கோர்ட்டு. நாள் முழுக்க வாதம். கேசியின் வக்கீல் பேசப் பேச அரசு வக்கீல் வாயைக் கையால் மறைத்துச் சிரித்தார். இவர் விரலை நீட்டி, சிரிக்கிற இந்த ஆள் என்றார். நீதிபதி பெர்ரிக்கு முகம் சிவந்தே போச்சு. என் வகுப்பாக இருந்தால் இரண்டு பேரையும் வெளியே நிறுத்தியிருப்பேன்.

மகள் பேசவில்லை. டிவியை மட்டும் பார்த்தாள். நானும்.

ஜூலை 4, திங்கள்

ஜூரி உள்ளே போயாச்சு. இந்த ஊரில் எல்லாரும் ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டார்கள் என்று பினெல்லாஸ் ஜில்லாவிலிருந்து கூட்டி வந்த ஜூரி. ஹோட்டலிலேயே வைத்திருக்கிறார்கள்.

ராத்திரி வாணவேடிக்கை. குட்டி பயந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது அவளுக்கு. அப்படியே தூங்கிவிட்டாள். கை மரத்துப்போச்சு, எடுக்கவில்லை.

மகள் வந்து நின்றாள். "என்கிட்ட குடு." "கெடக்கட்டும்." அவ்வளவுதான் பேச்சு. போதும்.

ஜூலை 5, செவ்வாய்

கொலைக் குற்றம் இல்லை.

இரண்டேகால் மணிக்கு. மகள் ஆபீஸிலிருந்து போன்: "பாத்தியா? பாத்தியா?" பின்னால் பத்துப் பேர் கத்துகிற சத்தம்.

ஜூரி பதினோரு மணி நேரம்கூட எடுக்கவில்லை. கேசி தன் வக்கீலைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். நான் பின்பெஞ்சைத் தேடினேன். சிண்டியும் அவள் புருஷனும் எழுந்து போய்விட்டார்கள். மகளைக் கிட்டே போய்ப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை இல்லை. தலையைக் கொடுத்துக் காப்பாற்றினவள் அவளைத் தொடாமல் போகிறாள்.

சந்தோஷமா எனக்கு? இல்லை. வருத்தமா? அதுவும் இல்லை. பிரஷர் பார்த்தேன், 160.

ராத்திரி ஒன்பது மணிக்கு எல்லார் வீட்டு வாசலிலும் கெய்லிக்காக விளக்கு ஏற்றச் சொல்லி முகநூலில் வந்ததாம். மகள் பால்கனி விளக்கைப் போட்டாள். எதிர் பிளாக்கில் பாதி எரிந்தது. தெலுங்குப் பெண் வீட்டிலும். பிள்ளை உயிரோடிருக்கிறது என்றவள்.

ஜூலை 7, வியாழன்

கேசிக்கு, போலீஸிடம் சொன்ன நாலு பொய்க்கு மட்டும் தண்டனை. ஒரு பொய்க்கு ஒரு வருஷம், ஆயிரம் டாலர். மூன்று வருஷம் உள்ளே இருந்ததைக் கழித்து 17-ஆம் தேதி விடுதலை.

அந்த நாலில் ஒன்று யுனிவர்சல் ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறேன் என்றது. துப்பறிகிறவர்கள் கூட்டிப் போனபோது அவள் விறுவிறுவென்று உள்ளே நடந்திருக்கிறாள். வராந்தா வரைக்கும். அங்கே போய்த் திரும்பி நின்று, நான் இங்கே வேலை பார்க்கவில்லை என்றாளாம். எத்தனை தூரம் நடந்திருப்பாள். அந்த நடையில் என்ன நினைத்திருப்பாள். நம்மைப் போன மாசம் அங்கேதான் கூட்டிப் போனார்கள். எனக்கு வெயிலும் கூட்டமும்தான் ஞாபகம்.

இன்னொரு பொய், ஆயாவிடம் விட்டேன் என்றது. அப்படி ஒரு ஆயாவே இல்லை. ஆனால் அதே பேரில் நிஜமாக ஒரு பெண் இருந்து தொலைத்தாள். வேலை போச்சு, வீடு போச்சு என்று அவள் கேஸ் போட்டிருக்கிறாள்.

சிண்டி மேல் கேஸ் இல்லையாம். அரசுத் தரப்பு சொல்லிவிட்டது. மகள் உர்ரென்று இருந்தாள். நான் பாயசம் வைத்தேன். காரணம் கேட்டாள். பால் மிஞ்சிப்போச்சு என்றேன்.

ஜூலை 8, வெள்ளி

ஜெயிலுக்குப் பார்க்க வருகிறேன் என்று சிண்டி கேட்டிருக்கிறாள். பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள் மகள்.

இதை மட்டும் என் மகளிடம் நான் சொல்லவில்லை. டிவியில் அவளே பார்த்திருப்பாள்.

ஜூலை 10, ஞாயிறு

சபர்பன் டிரைவுக்குப் போனோம். மகள்தான் போகணும் என்றாள். பிள்ளையைக் கண்டெடுத்த இடம். வீட்டுக்கு இவ்வளவு பக்கத்திலா. ஒரு கூப்பாடு கேட்கிற தூரம். 2008 டிசம்பர் 11 வரைக்கும் அங்கேயே கிடந்திருக்கிறது, ஊரெல்லாம் தேடியிருக்கிறார்கள்.

கரடி பொம்மைகள், சிலுவை, பலூன். மழையில் நனைந்து கரடிகள் எல்லாம் ஒரு மாதிரி நாற்றம். கார் காராக வந்து நிற்கிறது. ஒரு அம்மா தன் பிள்ளைகளை நிறுத்தி வைத்துப் போட்டோ எடுத்தாள். சிரிக்கச் சொன்னாள், அப்புறம் சிரிக்காதே என்றாள்.

குட்டி ஒரு கரடியை எடுத்துவிட்டாள். பிடுங்கினால் ஒரே அழுகை. எல்லாரும் எங்களையே பார்க்கிறார்கள். உடம்பு கூசிப்போச்சு. கொசு வேறு.

ஜூலை 14, வியாழன்

டிவியில் இப்போது வேறு பிள்ளை. நியூயார்க் பக்கம் புரூக்ளினில் எட்டு வயசுப் பையன். முகாமிலிருந்து முதல் தடவையாகத் தனியாக வீட்டுக்கு நடந்திருக்கிறான். கேசி கேஸைப் பேசிய அதே டிவிக்காரி நான்சி கிரேஸ். அதே குரல்.

அணைத்துவிட்டேன். பத்து நிமிஷம் கழித்து மறுபடி போட்டேன்.

மகள் வந்தாள், "என்ன ஆச்சு?" என்று கேட்கவில்லை. நேரே ரூமுக்குப் போய்விட்டாள். வேலை அதிகமோ.

ஜூலை 17, ஞாயிறு

நடுராத்திரி கழிந்ததும் கேசியை வெளியே விட்டுவிட்டார்கள். வாசலில் கூட்டம், கூச்சல். எங்கே போனாள் என்று தெரியாது. வீட்டுக்குப் போகவில்லை.

அவுக போனில், எப்ப வரே என்றாக. ஆகஸ்ட் டிக்கெட்டை மாற்றி முன்னாலேயே வந்துவிடட்டுமா என்று கேட்கலாம் போல இருந்தது. அப்புறம் குட்டி போனைப் பிடுங்கி ஆச்சி, ஆச்சி என்று கத்தினாள். கேட்கவில்லை.

ஜூலை 19, செவ்வாய்

84 தப்பாம்.

அந்த வீட்டுக் கம்ப்யூட்டரைச் சோதித்த சாப்ட்வேரை எழுதினவரே பேப்பரில் சொல்லியிருக்கிறார். குளோரோபார்ம் பக்கத்தைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. 84 என்பது மைஸ்பேஸ் பார்த்த கணக்கு, மாறி விழுந்திருக்கிறது. எத்தனை வாரம் ஊரே அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டு திரிந்தது. கோயில் வரிசையில், துணி ரூமில், என் வாயாலேயும்.

அப்படியானால் சிண்டி எழுந்து நின்று, நான்தான் என்றாளே. நடக்காத எண்பத்து மூன்று தடவைக்கும் சேர்த்தல்லவா அவள் பேச்சு வாங்கியிருக்கிறாள்.

மகளிடம் சொன்னேன். "ஒரு தடவைன்னாலும் தேடினது தேடினதுதானம்மா." அதுவும் சரிதான். நாய்க்கு என்று ஒருத்தி சும்மா தேடியிருக்கவும் கூடும் என்றேன். "இன்னும் அந்தப் பாட்டிக்கே வக்காலத்தா?" சிரித்தாள். நாள் ஆச்சு அவள் என்னைப் பார்த்துச் சிரித்து.

போர்ட்டோ ரிக்கோக்காரியிடமும் சொன்னேன். அவளுக்குப் புரூக்ளின் பையன் கதைதான் ஓடுகிறது. மெஷினுக்குக் காசு பத்தவில்லை, அவளிடம் இரண்டு குவார்ட்டர் கடன் வாங்கினேன். நாளைக்குக் கொடுக்கணும். குளத்துக் கதவுக் கொக்கியை இன்னும் சரி பண்ணவில்லை. மாப்பிள்ளையை நம்பிப் பிரயோஜனம் இல்லை. காலையில் நானே ஆபீஸுக்குப் போய்ச் சொல்லப் போகிறேன். இங்கிலீஷில் எழுதி வைத்திருக்கிறேன்.