ராமேஸ்வரம் ரயில் பயணம்: விவசாயிக்கு ரிவார்டு பாயின்ட் லாபமா?

'மண்டபத்தில் கடற்பாசி வளர்ப்பைப் பார்த்துவிட்டு ராமேஸ்வரம் போய்வர எங்கள் குழுவில் 12 பேர் சென்னையிலிருந்து ரயிலில் கிளம்புகிறோம். டிக்கெட்டுக்கு ரிவார்டு பாயின்ட் தரும் கிரெடிட் கார்டு வாங்கினால் செலவு குறையும் என்கிறார்கள். வாங்கலாமா? விவசாயிகளுக்கென்று ரயிலில் சலுகை எதுவும் உண்டா?' என்று திருவள்ளூர் மாவட்ட வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இதே ஊருக்குப் போகத் திட்டமிடும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால், பாதையையும் கணக்கையும் சேர்த்தே இங்கே பார்ப்போம்.

எங்கே இறங்குவது?

சென்னையிலிருந்து ராமேஸ்வரம் 600 கி.மீ.க்கு மேல். போட் மெயில், சேது எக்ஸ்பிரஸ் இரண்டும் பழைய ரயில்கள். 2025 ஏப்ரலில் தாம்பரத்திலிருந்து திருவாரூர், பட்டுக்கோட்டை, காரைக்குடி வழியாக இன்னொரு ரயில் வந்தது. மூன்றுமே இரவு ரயில்கள். நேராக ராமேஸ்வரத்துக்கு டிக்கெட் எடுத்தால், ஒரு விவசாயி பார்க்க வேண்டிய பகுதியெல்லாம் தூக்கத்திலேயே கடந்துவிடும். அதனால் ராமநாதபுரத்தில் இறங்குங்கள். அங்கிருந்து மீதமுள்ள சுமார் 55 கி.மீ. தூரத்தை மதுரை-ராமேஸ்வரம் பாசஞ்சர் ரயிலில் பகலில் போகலாம்.

ராமநாதபுரம் வானம் பார்த்த பூமி. கண்மாய்களை நம்பி நெல்லும், மழையை நம்பி மிளகாயும் விளைகிற மாவட்டம். இங்கே விளையும் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. புரட்டாசி, ஐப்பசி மழையை ஒட்டி விதைத்து, மாசி, பங்குனியில் பழம் பறிப்பார்கள். அந்த நேரத்தில் போனால் களங்களில் சிவப்பாகக் காயும் மிளகாயைப் பார்க்கலாம். தண்ணீர் குறைந்த நிலத்தில் என்ன செய்யலாம் என்று யோசிப்பவர்கள், இந்த விவசாயிகளிடம் ஒரு மணி நேரம் பேசினாலே வந்த செலவு கழிந்துவிடும்.

ராமநாதபுரத்தைத் தாண்டினால் மண் மணலாக மாறுகிறது. உச்சிப்புளி பக்கம் தென்னையும் பனையும் தெரியும். இடையிடையே சீமைக்கருவேலம். அடுத்து மண்டபம் முகாம். 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் முன்பு இந்த ஊரில்தான் இருந்தது. தலைமையகம் பின்னர் கொச்சிக்கு மாறினாலும், இங்கே மண்டல நிலையம் இருக்கிறது. 2010-ல் கடல் விரால் மீனை இந்தியாவிலேயே முதன்முறையாகத் தூண்டுதல் முறையில் இனப்பெருக்கம் செய்ய வைத்ததும் இந்த நிலையம்தான்.

கடற்பாசி வளர்ப்பைப் பார்ப்பதும் இந்தக் கரையில்தான். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை கட்டி, கயிறுகளில் 'கப்பாஃபைகஸ்' பாசித் துண்டுகளைக் கட்டிக் கடலில் விடுகிறார்கள். 45 நாளில் அறுவடை. இந்தப் பாசியைப் பிழிந்தெடுக்கும் சாறுதான் நாம் பயிருக்குத் தெளிக்கும் கடற்பாசி திரவ உரம். நெல்லுக்கும் காய்கறிக்கும் அடிக்கிற பொருள் கடலில் எப்படி விளைகிறது என்பதை நேரில் பார்ப்பது நல்ல பாடம். ஆராய்ச்சி நிலையத்துக்குள் குழுவாகப் போக விரும்பினால், முன்பே கடிதம் எழுதி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மண்டபத்துக்கு அப்பால் பாம்பன் பாலம். பழைய பாலம் 1914-ல் திறக்கப்பட்டது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்து, பாலத்தையும் சிதைத்தது. 46 நாளில் சீர்செய்தார்கள். பழுதின் காரணமாக 2022 டிசம்பரில் பாலத்தில் ரயில்கள் நின்றன. 6.4.2025 அன்று புதிய பாலம் திறக்கப்படும்வரை எல்லா ரயில்களும் இக்கரையோடு திரும்பின. புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி, கப்பல் வந்தால் செங்குத்தாக மேலே தூக்கப்படுகிறது.

பாயின்ட் கணக்கு

இப்போது கார்டுக்கு வருவோம். ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனமும் எஸ்.பி.ஐ. கார்டும் சேர்ந்து வழங்கும் பிளாட்டினம் கார்டைத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். சேரும்போது 500 ரூபாய், பிறகு ஆண்டுக்கு 300 ரூபாய், இவற்றோடு வரியும் உண்டு. ஒரு பாயின்ட் ஒரு ரூபாய்க்குச் சமம். ஏ.சி. வகுப்பு டிக்கெட்டை ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் எடுத்தால் 10 சதவீதம் வரை பாயின்டாகத் திரும்பும். கவனிக்க வேண்டியது, இது ஏ.சி. வகுப்புகளுக்கு மட்டும். ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு மற்ற செலவுகளைப் போல 125 ரூபாய்க்கு ஒரு பாயின்ட்தான். விதிகள் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் முன் அன்றைய நிபந்தனையைப் படித்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கு 10,000 ரூபாய்க்கு ரயில் டிக்கெட் எடுப்பவர் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் ஏ.சி. என்றால் 1,000 ரூபாய் வரை பாயின்ட் கிடைக்கும். ஆண்டுக் கட்டணம் 300 போனாலும் மிச்சம் உண்டு. எல்லாம் ஸ்லீப்பர் என்றால் 80 பாயின்ட்தான். கட்டணத்துக்கே போதாது. பாயின்டுக்காக ஸ்லீப்பரிலிருந்து ஏ.சி.க்கு மாறினால், பத்து ரூபாய் மிச்சப்படுத்த நூறு ரூபாய் கூடுதலாகச் செலவழித்த கதைதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கிரெடிட் கார்டு பாக்கியை முழுதாகக் கட்டாவிட்டால் மாதத்துக்கே 3 சதவீதத்துக்கு மேல் வட்டி. 10,000 ரூபாயை ஒரு மாதம் தள்ளினால் 300 ரூபாய்க்கு மேல் போகும். தாமதக் கட்டணம் தனி. கிசான் கிரெடிட் கார்டில் 3 லட்சம் வரை வாங்கிய பயிர்க்கடனை ஒழுங்காகக் கட்டினால் ஆண்டுக்கே 4 சதவீதம்தான் வட்டி. நம் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை. நமக்கு வருமானம் அறுவடைக்கு அறுவடைதான் வருகிறது. கார்டு பில்லோ மாதாமாதம் வரும். மாதச் சம்பளம் அல்லது பால் பணம்போல நிலையான வரவு உள்ளவர்கள், அடிக்கடி ஏ.சி.யில் போகிறவர்களாக இருந்தால் மட்டும் இந்தக் கார்டை யோசிக்கலாம். மற்றவர்களுக்கு வேண்டாம்.

கார்டு இல்லாமலே மிச்சம் பிடிக்க

* ஸ்டேஷன் கவுன்டரில் டிக்கெட் எடுத்தால் இணையச் சேவைக் கட்டணம் இல்லை. இணையத்தில் எடுத்தால், ஏ.சி. அல்லாத டிக்கெட்டுக்கு 15 ரூபாய், ஏ.சி.க்கு 30 ரூபாய், வரி தனி. யு.பி.ஐ. மூலம் செலுத்தினால் இவை 10, 20 ரூபாயாகக் குறையும். இது ஆளுக்கு அல்ல, டிக்கெட்டுக்கு. ஒரு டிக்கெட்டில் 6 பேர் வரை போடலாம் என்பதால், 12 பேருக்கு இரண்டு டிக்கெட் போதும்.

* முன்பதிவு 60 நாளுக்கு முன்பே தொடங்குகிறது. கூட்டம் அதிகமான ஆடி, தை அமாவாசை நாட்களைத் தவிருங்கள். கடைசி நேரத்தில் தட்கலில் எடுத்தால் கூடுதல் கட்டணம், எந்த பாயின்டையும் விழுங்கிவிடும்.

* ராமநாதபுரத்திலிருந்து பாசஞ்சரில் போக முன்பதிவு தேவையில்லை. 'ரயில்ஒன்' செயலியில் ஆர்-வாலட் மூலம் எடுத்தால் 3 சதவீதம் மிச்சம். ஸ்லீப்பர் டிக்கெட்டுக்குக் கார்டு தருவதைவிட இது அதிகம்.

* ரயில் கட்டணத்தில் தூரம் கூடக் கூட, கி.மீ.க்கு ஆகும் செலவு குறையும். அதனால் ராமேஸ்வரத்திலிருந்து பனாரஸ், ஓகா போன்ற தூர ஊர்களுக்குப் போகிறவர்கள் துண்டு துண்டாக டிக்கெட் எடுக்காமல் ஒரே டிக்கெட்டாக எடுப்பது நல்லது. 500 கி.மீ. கடந்த பிறகு ஓரிடத்தில் இறங்கி, 2 நாள் தங்கிப் போக விதி இருக்கிறது. பயணம் 1,000 கி.மீ.க்கு மேல் என்றால் இரண்டு இடங்களில் இறங்கலாம். கவுன்டரில் டிக்கெட் எடுக்கும்போதே இறங்கும் ஊரைச் சொல்லி விவரம் கேளுங்கள்.

விவசாயிக்கு இருந்த சலுகை

வாசகரின் இரண்டாவது கேள்விக்குப் பதில்: இருந்தது, இப்போது இல்லை. விவசாயக் கண்காட்சிக்குப் போகிற விவசாயிகளுக்கு 25 சதவீதம், அரசு ஏற்பாடு செய்யும் சிறப்பு ரயிலில் போனால் 33 சதவீதம், தேசிய அளவிலான நிறுவனங்களுக்குப் பயிற்சிக்காகப் போகிற விவசாயிகளுக்கும் பால் உற்பத்தியாளர்களுக்கும் 50 சதவீதம் என இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் ரயில்வே சலுகை தந்தது. கொரோனா காலத்தில், 20.3.2020 முதல் மாணவர், நோயாளி, சில வகை மாற்றுத்திறனாளிகள் தவிர மற்ற எல்லோருக்குமான சலுகைகள் நிறுத்தப்பட்டன. மூத்த குடிமக்கள் சலுகையைத் திரும்பக் கேட்டுப் பலரும் குரல் கொடுக்கிறார்கள். விவசாயிகள் சலுகையைப் பற்றிப் பேச்சே இல்லை. ஸ்லீப்பர் பயணிக்கு 125 ரூபாய்க்கு ஒரு ரூபாய் தரும் கார்டு எங்கே, பாதிக் கட்டணம் எங்கே? விவசாயச் சங்கங்கள் ரயில்வேக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் கொடுக்கும் மனுக்களில் இந்தக் கோரிக்கையையும் சேர்க்க வேண்டும்.

அதுவரை ஒரு வழி இருக்கிறது. வேளாண்மைத் துறையின் 'அட்மா' திட்டத்தில் விவசாயிகளைக் கண்டுணர்வு சுற்றுலாவுக்கு அழைத்துப் போகிறார்கள். மாநிலத்துக்குள்ளும் வெளிமாநிலத்துக்கும் போவதுண்டு. உங்கள் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில், 12 பேரின் பெயரோடு, மண்டபத்தில் என்ன கற்க விரும்புகிறீர்கள் என்பதையும் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். கிடைத்தால் பயணச் செலவே உங்கள் கையைக் கடிக்காது. கிடைக்காவிட்டால் இரண்டு ஸ்லீப்பர் டிக்கெட், ஒரு பகல் பாசஞ்சர் என்று கிளம்பலாம். மாசி, பங்குனியில் போனால் காயும் மிளகாயையும் பார்த்துவிட்டு வரலாம்.