மூன்று நாள் நிறம்

ரத்னகிரி என்றதும் மாம்பழம்தான் நினைவுக்கு வரும். அதற்காக மே மாதத்தில் போகிறவர்கள் பார்ப்பது வெயிலில் காய்ந்த செம்பாறையை மட்டுமே. அரபிக் கடலை ஒட்டி நிற்கும் இந்தப் பாறை மேடுகளுக்குக் கொங்கணத்தில் 'சடா' என்று பெயர். 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டித் தீர்த்த பிறகு, செப்டம்பரில் போக வேண்டும். மேட்டு விளிம்பிலும் ஓடை இறங்கும் நிழல் சரிவுகளிலும் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கிறது தேர்டா.

பார்த்தவுடன் தெரிந்துவிடும். நம் வீட்டு வாசலில் வளரும் அதே காசித்தும்பை. தொட்டியில் பார்த்துப் பழகியவர்களுக்கு, யாரும் விதைக்காமல் அது ஒரு சரிவையே பிடித்துக்கொண்டிருப்பது ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

'தேர்டாவின் நிறம் மூன்று நாள்' என்பது மராத்தியப் பழமொழி. நிலைக்காத பகட்டைக் கேலி செய்யச் சொல்வது. ஆனால் இதே செடிதான் விநாயகர் சதுர்த்தியை அடுத்து கொங்கண வீடுகளில் கௌரியாகிறது. பெண்கள் ஓடைக்கரையிலிருந்து வேரோடு பிடுங்கி வந்து, கட்டாகக் கட்டி, புடவை சுற்றி, முகம் வைத்து வணங்குகிறார்கள். முதல் நாள் வரவேற்பு, மறுநாள் பூஜை, அதற்கடுத்த நாள் நீரில் கரைப்பு. அம்மனுக்கும் மூன்று நாள்தான்.

தேர்டா ஓராண்டுத் தாவரம். மழையோடு முளைத்து, மழைக்குப் பின் காய்ந்துவிடும். சடாவின் வேறு சில செடிகளுக்குப் பாறை இடுக்கில் கிழங்கு உண்டு; அடுத்த மழைக்கு அதிலிருந்து துளிர்க்கும். இதற்கு விதை மட்டுமே சொத்து. முற்றிய காயை விரலால் தொட்டால் பட்டென்று வெடித்து விதைகளைச் சிதறுகிறது. (இந்த விளையாட்டு பெரியவர்களுக்கும் அலுப்பதில்லை.) இதன் தாவரவியல் பெயரான 'இம்பேஷியன்ஸ்' என்பதற்குப் பொறுமையற்றது என்று பொருள். ஆனால் விதை போய் விழுவது சில அடி தூரம்தான். ஒரு சரிவில் அழிந்தால், அடுத்த குன்றிலிருந்து எளிதில் வந்து சேராது.

கௌரிக்குப் பிடுங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக்கு ஒரு கட்டு போனாலும் விதைக்கு மிச்சம் இருக்கும். பயமெல்லாம் இயந்திரங்களைக் கண்டுதான். 'ஜாம்பா' எனும் செம்புராங்கல்லை வீடு கட்ட அறுத்தெடுக்கிறார்கள். மேட்டை உடைத்து, மண் கொட்டி மாங்கன்று நடுகிறார்கள். 2018-ல் புவிசார் குறியீடு பெற்ற அல்போன்சாவுக்குக் கிராக்கி அப்படி. அரசு ஏடுகளில் இந்த மேடுகள் பெரும்பாலும் 'தரிசு'. இங்கே ஆதி மனிதர்கள் பாறையில் கீறிய உருவங்கள் 2022-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. அதே மேட்டின் காசித்தும்பைக்கு எந்தப் பட்டியலும் இல்லை.

போக விரும்புகிறவர்கள் கௌரி கரைந்த மறுவாரம் கொங்கண் ரயிலில் ரத்னகிரியில் இறங்கலாம். கூட்டம் வடிந்திருக்கும். காய்களும் முற்றத் தொடங்கியிருக்கும்.